ஐந்தில் ஒரு பானை

அவையீர்! பெற்றோரே, பெரியோரே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மன்றப் பொறுப்பாளர்களே!

ஒரு நூலை வெளியிட்டுப் பேச என்னை அழைத்தீர்கள். நான் வெளியீட்டுரை எழுதி வரவில்லை. ஒரு மடல் எழுதி வந்திருக்கிறேன். அந்த நூலின் அட்டையில் யாருடைய பெயர் இருக்கிறதோ, மூன்று மாதங்களுக்கு முன் யாரை நாம் கண்ணீரோடு அடக்கம் செய்தோமோ, அவளுக்கு எழுதிய மடல் இது. அவள் ஆக்கிய ஐந்து பாடங்களில் மூன்றை அறுத்தெறிந்துவிட்டு, எஞ்சிய இரண்டை அவள் பெயராலேயே அச்சிட்டு வைத்திருக்கிறோம். உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்பார்களே, அதைச் செய்திருக்கிறோம். என் குற்றச்சாட்டு இதுதான். குற்றம் சாட்டப்பட்டோர் வரிசையில் எனக்கும் ஓர் இருக்கை உண்டு. எப்படி என்பதை அவளிடமே சொல்கிறேன். நீங்கள் கேட்டுக்கொண்டிருங்கள்.

தோழி,

உன் தட்டு என் முன்னே இருக்கிறது. வெள்ளைப் பூச்சும் நீல விளிம்பும் கொண்ட பழைய எனாமல் தட்டு. விளிம்பில் ஓரிடத்தில் நகத்தளவு பூச்சுப் பெயர்ந்து கறுத்திருக்கும். அந்த இடத்தில் கட்டைவிரலை வைத்துத்தான் நீ எப்போதும் ஏந்தி வருவாய். சென்ற கிறித்துப் பிறப்பு விழாவன்று அதன்மேல் நீ போர்த்தி அனுப்பிய துணியை நேற்று விரித்தேன். இன்னும் கிராம்பு மணக்கிறது.

ஈப்போ புந்தோங்கில் நம் தெருவின் வழக்கம் உனக்குத் தெரியாததன்று. ஒரு வீட்டிலிருந்து பலகாரத்தோடு வந்த தட்டு வெறுமையாகத் திரும்பாது. வீட்டில் ஒன்றுமே இல்லையென்றால் ஒரு கைப்பிடி சீனியாவது அதில் இருக்கும். எதிரெதிர் வீட்டுக்காரிகளாகிய நாம் இருபது ஆண்டுகள் அப்படித்தான் வாழ்ந்தோம். என் தீபாவளி முறுக்கு உன் வீட்டுக்குப் போகும்; உன் அணிச்சல் துண்டுகள் என் வீட்டுக்கு வரும்.

உன் இயற்கணித வகுப்பே அந்தத் தட்டிலிருந்துதான் பிறந்தது. அன்று தீபாவளிக்கு மறுநாள். என் வாயிற்கதவருகே தட்டை வாங்கிக்கொண்டு நீ நகராமல் நின்றாய். நீ இடைநிலைப்பள்ளியில் கணக்குக் கற்பித்துக்கொண்டிருந்த காலம். ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியில் தமிழிலேயே கணக்குப் போட்ட நம் பிள்ளைகள், இடைநிலைப்பள்ளியின் முதலாண்டான படிவம் ஒன்றில் காலெடுத்து வைத்ததும் மலாய்மொழியில் இயற்கணிதத்தை எதிர்கொள்கிறார்கள். மொழியும் புதிது; எண்களுக்கு நடுவே ஓர் எழுத்து வந்து உட்கார்ந்துகொள்வதும் புதிது. கெட்டிக்காரப் பிள்ளைகள்கூட அன்றோடு கையுயர்த்துவதை நிறுத்திவிடுகிறார்கள் என்று நீ அடிக்கடி வருந்துவாய்.

"தட்டு ரெண்டு பக்கமும் போகுதுல்ல?" என்றாய், திடீரென்று.

"எந்தத் தட்டு?"

"இந்தத் தட்டுதான்லா. உன் வீட்டுலேர்ந்து போட்டா என் வீட்டுலேர்ந்தும் போடணும். ஒரு பக்கம் மட்டும் செஞ்சா தெருவே பேசும். இதத்தான்டி நான் வகுப்புல தொண்ட கிழியக் கத்துறேன். நம்ம பிள்ளைங்களுக்கு இது பொறந்ததுலேர்ந்து தெரியும். இதுக்குப் பேரு ஈக்குவேஷன்னுதான் தெரியாது."

"சமன்பாடு" என்று நான் திருத்தினேன்.

"சரிம்மா, சமன்பாடு. கேக்குக்கு நீ அணிச்சல்னு பேரு சொல்றப்ப எனக்குப் பசியே போயிடும். ஆனா இந்தச் சொல்லு நல்லாருக்கு. எடுத்துக்கிறேன்."

அந்த ஆண்டு இறுதியிலேயே மன்றத்தின் மேல்மாடி அறையில் சனிக்கிழமை வகுப்பைத் தொடங்கினாய். ஆறாம் ஆண்டை முடித்த பிள்ளைகள், படிவம் ஒன்றுக்குப் போகுமுன் உன்னிடம் வந்தார்கள். இயற்கணிதத்தை முதலில் தமிழில், விழாக்களின் வழியே தொட்டுப் பார்த்துவிட்டால், பிறகு அது எந்த மொழியில் வந்தாலும் அடையாளம் கண்டுகொள்வார்கள் என்பது உன் துணிபு.

முதல் வகுப்பை நான் கடைசி நாற்காலியில் அமர்ந்து பார்த்தேன். மளிகைக்கடையில் இரவலாக வாங்கி வந்த தராசு. சிவப்பு மூடிப் பலகாரப் போத்தல்கள் நான்கு, உள்ளே இருப்பது தெரியாதபடி நாளிதழ் சுற்றியவை. தராசின் ஒரு பக்கம் நிரப்பிய போத்தல் இரண்டும் உதிரியாக அச்சு முறுக்கு மூன்றும் வைத்தாய். மறுபக்கம் அச்சு முறுக்கு பத்தொன்பது. போத்தலின் எடைக்கு ஈடாக வெற்றுப் போத்தல் இரண்டு. முறுக்கெல்லாம் ஒரே அச்சில் சுட்டவை. முள் நடுவில் நின்றது.

"ஒரு போத்தலுக்குள்ள எத்தன முறுக்கு? தொறக்காம சொல்லணும்."

"டீச்சர், குலுக்கிப் பாக்கவா?" என்றான் ஒருவன்.

"குலுக்கேன். சத்தம் வரும், எண்ணிக்கை வராது."

அறை சிரித்தது. வேறொரு பிள்ளை எழுந்தாள். "இந்தப் பக்கம் சும்மா கெடக்குற மூணையும் எடுத்துடலாம் டீச்சர்."

"எடு. அந்தப் பக்கம்?"

"அங்க எதுக்கு எடுக்கணும்?"

"இங்க மட்டும் எடுத்தா அதுக்குப் பேரு திருட்டுலா."

அங்கேயும் மூன்று எடுத்தார்கள். பதினாறு எஞ்சியது. இரண்டு போத்தலுக்குப் பதினாறென்றால் ஒன்றுக்கு எட்டு. போத்தலைத் திறந்து எண்ணினார்கள்; எட்டேதான். நான் எத்தனையோ மேடைகளில் கைத்தட்டல் வாங்கியிருக்கிறேன். அந்த எட்டுக்கு எழுந்த ஆரவாரம் எனக்கு ஒருநாளும் எழுந்ததில்லை. அடுத்த கணக்குக்கு முன் முறுக்கெல்லாம் தீர்ந்துவிட்டது. வாய் நிறைய முறுக்கோடு இருந்த பிள்ளைகளிடம் நீ ஒரே ஒரு கட்டளை இட்டாய்: "எப்படி வந்துச்சுன்னு தெரியாம விடைய எழுதக் கூடாது. திட்டு வாங்குனாலும் பரவால்ல, எழுதக் கூடாது."

அந்த எட்டை நீ அங்கேயே விட்டுவிடவில்லை. தட்டில் ஏற்றி அடுத்த வீட்டுக்கு அனுப்பினாய். ஐந்து விழா, ஐந்து வீடு, ஐந்து தாள். ஒரு வீட்டின் விடை அடுத்த வீட்டுக் கணக்கின் தொடக்கம். ஒவ்வொரு தாளின் முதல் வரியும் ஒன்றேதான்: "முந்திய வீட்டிலிருந்து வந்ததை எடுத்துக்கொள்."

இரண்டாம் தாள் உன் சொந்த வீட்டுத் தாள். சிலிம் ரிவர் பக்கம் நீ பிறந்த இரப்பர்த் தோட்டத்தில் மூன்று லயங்கள். வரிசைக்கு வரிசை ஒரே எண்ணிக்கையில் வீடுகள். கிறித்துப் பிறப்புக்கு முந்திய மாலை, பாட்டுக்குழு வீடுவீடாகப் போகிறது. மழை பிடித்துக்கொள்கிறது. எட்டு வீடுகளுக்குப் போக முடியவில்லை. போன வீடுகள் இருபத்தெட்டு. அப்படியானால் ஒரு லயத்தில் எத்தனை வீடு? இருபத்தெட்டோடு எட்டைக் கூட்டி மூன்றால் வகுத்துப் பன்னிரண்டு என்று பிள்ளைகள் சொன்னதும், "அந்த எட்டு வீட்டுல எங்க வீடும் ஒண்ணு" என்றாய். "எங்கம்மா வாசல்ல வெளக்க ஏத்தி வெச்சிட்டுப் பாத்துக்கிட்டே நின்னாங்க. யாரும் வரல." பிறகு சட்டென்று குரலை மாற்றி, "அதான் கணக்குல சேத்துட்டேன். இனிமே யாரும் எங்க வீட்ட விட்டுட்டுப் போக முடியாது பாரு" என்று சிரித்தாய்.

அந்தப் பன்னிரண்டு பொங்கல் வீட்டுக்குப் போயிற்று. பன்னிரண்டு பானைகளில் கோயிலுக்கு இரண்டு. மீதியை ஐந்து வீடுகளுக்குச் சமமாகக் கொடுத்தால் வீட்டுக்கு இரண்டு பானை. ஒன்றில் வெண்பொங்கல், ஒன்றில் சர்க்கரைப் பொங்கல். அந்த இரண்டு சீனப் புத்தாண்டு வீட்டுக்குப் போய் ஆளுக்கு இரண்டு மாண்டரின் நாரத்தம்பழமாயிற்று. இருபது பழம் சேர்ந்திருந்தால் வந்த விருந்தினர் பத்துப் பேர். அந்தப் பத்து நோன்புப் பெருநாள் வீட்டில் ஒரு கொத்துக்குப் பத்துக் கெத்துப்பாட்டாயிற்று, ஓலைக்கூட்டில் வேகவைத்த சோற்றுக் கட்டிகள். உதிரி நான்கோடு முப்பத்து நான்கு என்றால் கொத்து மூன்று. கடைசி விடை மூன்று! தீபாவளித் தராசில் உதிரியாகக் கிடந்த அதே மூன்று முறுக்கு. தட்டு ஐந்து வீட்டையும் சுற்றிப் புறப்பட்ட வாயிலுக்கே திரும்பியிருந்தது. நான் எழுந்து நின்று கைதட்டினேன். "ஒக்காருடி, இது மேடையில்ல" என்றாய்.

தோழி, இதே வாயால் நான் பேசிய வேறொன்றும் உண்டு. சென்ற ஆண்டுப் பொங்கல் விழாவில், இந்த மண்டபத்தில், இதே ஒலிவாங்கியின் முன் முழங்கினேன்: "தமிழனுக்குத் தமிழன் விழா போதும்! பிறர் விழாவைச் சுமக்கும் முதுகு நமக்கு வேண்டா!" அரங்கு அதிர்ந்தது. நீ இரண்டாம் வரிசையில் இருந்தாய். நிகழ்ச்சி முடிந்து காலணி மாட்டிக்கொண்டிருந்தபோது என் அருகில் வந்தாய்.

"மேடையில நல்லாதான் இருந்துச்சு. ஆனா டிசம்பர் வந்தா நான் எங்க போறது, சொல்லு?"

"ஐயோ, உன்னச் சொல்லலடி."

"யாரச் சொன்ன?"

"யாரையும் சொல்லல. ஒரு வேகத்துல வர்றதுதானே."

"யாரையும் சொல்லலன்னா எதுக்குச் சொன்ன?"

நான் சிரித்து மழுப்பினேன். உன் தோட்டத்து லயங்களில் மழையோடு மழையாகப் பாடப்பட்ட பாட்டு எந்த மொழிப் பாட்டு? தமிழ்ப் பாட்டு. விளக்கேற்றிக் காத்து நின்ற உன் தாய் எந்த மொழியில் உன்னைத் தாலாட்டினாள்? தமிழில். இதை எனக்கு நானே அன்று கேட்டிருக்க வேண்டும். கைத்தட்டல் காதை அடைத்திருந்தது. ஆனாலும் டிசம்பர் வந்ததும் நீ வழக்கம்போல் தட்டை அனுப்பினாய். இதோ, இந்தத் தட்டைத்தான்.

அதைப் பொங்கலுக்கு நான் நிறைத்துத் திருப்பியிருக்க வேண்டும். இந்தப் பொங்கலுக்கு என் வீட்டில் பானையே வைக்கவில்லை. பாரிட் புந்தாரில் காலை மேடை, ஈப்போவில் மாலை மேடை. பாரிட் புந்தாருக்குப் போகும் வழியில் நெடுஞ்சாலை ஓய்விடத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோதுதான் மன்றச் செயலாளர் தம்பி அழைத்தார். உன் பாடங்கள் நூலாகின்றன, அணிந்துரை வேண்டும், கோப்பு என் கைப்பேசிக்குப் புலனச் செய்தியாக வந்திருக்கிறது என்றார். நான் கோப்பைத் திறக்கவில்லை. எதற்குத் திறப்பது? எனக்குத் தெரியாத பாடமா? தேநீர் ஆறுவதற்குள் அணிந்துரையைச் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டார். அதன் கடைசி வரி இது: "இந்நூலில் ஒரு சொல் கூட்டவும் இயலாது, ஒரு சொல் குறைக்கவும் இயலாது." முப்பது நூல்களுக்காவது நான் எழுதியிருக்கும் வரி!

பிறகு நீ நோயில் விழுந்தாய். மருத்துவமனையில் உன்னைப் பார்க்க வந்தபோதெல்லாம் பள்ளியைப் பற்றிப் பேசினாய், தெருவைப் பற்றிப் பேசினாய். நூலைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஒரு முறை மட்டும், "என் தட்டு எங்கடி?" என்று கேட்டாய்.

"வீட்டுலதான் இருக்கு. நெறைச்சி எடுத்துட்டு வாரேன்."

"பாப்போம், பாப்போம்" என்று கண்களை மூடிக்கொண்டாய். உன் நூலாக வரவேண்டியது உன் நினைவு நூலாக வந்தது.

தீபாவளி முடிந்தபின், போன சனிக்கிழமை, வகுப்பை நான் தொடங்கினேன். எனக்குக் கணக்கு வராது என்பது ஊரறிந்தது. ஆனால் உன் நூல் கையில் இருக்கிறதே, வரிக்கு வரி நடத்திவிடலாம் என்று துணிந்தேன். அச்சகத்திலிருந்து முன்கூட்டி வந்த படிகளைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். பன்னிரண்டு பேர். முதல் தாள், தீபாவளி: எட்டு என்று எல்லாருக்கும் வந்தது. அடுத்த பக்கம், பொங்கல். "முந்திய வீட்டிலிருந்து வந்ததை எடுத்துக்கொள்." எடுத்துக்கொண்டார்கள். எழுதினார்கள், அழித்தார்கள், மறுபடி எழுதினார்கள். போன ஆண்டு தன் அக்காளோடு வந்து உன் வகுப்பின் மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்பிள்ளை நினைவிருக்கிறதா? அவள் கையை உயர்த்தினாள்.

"அம்மா, ஒரு வீட்டுக்கு ஒரு பானை, அப்புறம் அஞ்சுல ஒரு பானை வருது."

"அதென்ன அஞ்சுல ஒரு பானை?"

"எட்டுல கோயிலுக்கு ரெண்டு குடுத்தா ஆறு. ஆற அஞ்சு வீட்டுக்குப் பிரிச்சா ஒண்ணு, மிச்சம் ஒரு பானைய ஒடச்சி அஞ்சு துண்டு. பொங்கலுக்கு யாரும்மா ஒடஞ்ச பானைய வெப்பாங்க?"

பிள்ளைகள் சிரித்தார்கள். நான் பின்பக்கத்தைப் புரட்டினேன். விடை இரண்டு என்று அச்சாகியிருந்தது. "விடைப் பக்கத்தில் இரண்டு என்றிருக்கிறது. இரண்டு என்றே எழுதிவிடு" என்றேன்.

அவள் எழுதவில்லை. எழுதுகோலை மூடி வைத்துவிட்டாள். "எப்படி வந்துச்சுன்னு தெரியாம எழுதக் கூடாதுன்னு டீச்சர் சொன்னாங்களே. இதுல ஏதோ ஒரு வீடு காணோம்மா."

ஏதோ ஒரு வீடு காணோம்! வகுப்பு அலமாரியில் உன் கையெழுத்துத் தாள்கள் அடங்கிய கோப்பு அப்படியே இருந்தது. எடுத்து நூலோடு ஒப்பிட்டேன். தீபாவளி இருந்தது. பொங்கல் இருந்தது. சீனப் புத்தாண்டு இல்லை. நோன்புப் பெருநாள் இல்லை. உன் வீடு இல்லை. மூன்று லயங்களும் இல்லை, இருபத்தெட்டும் இல்லை, மழையில் விடுபட்ட எட்டு வீடுகளும் இல்லை. இனிமேல் யாரும் விட்டுவிட்டுப் போக முடியாது என்று கணக்குக்குள் ஒளித்து வைத்தாயே, அந்த வீட்டையும் விட்டுவிட்டுப் போய்விட்டோம்.

செயலாளரை அழைத்தேன். சினம் என் நாவை முந்தியது. "யாரைக் கேட்டு எடுத்தீர்கள்?"

"அம்மா, நீங்க சொன்னதுதானே! தமிழனுக்குத் தமிழன் விழா போதும்னு பேசுனீங்க. செயற்குழுவுல உங்க பேச்சத்தான் போட்டுக் காட்டுனோம். எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க."

"அவளிடம் கேட்டீர்களா?"

"கேட்டோம்மா. வீட்டுக்கே போய்க் கேட்டோம். டீச்சர் தாளப் பொரட்டிப் பாத்தாங்க. அப்புறம், 'அவ படிச்சிப் பாத்துட்டுச் சரின்னா எனக்கும் சரி'ன்னாங்க. அடுத்த வாரமே நீங்க அணிந்துரை குடுத்துட்டீங்க. கொண்டுபோய்க் காட்டுனோம். படிச்சிட்டுத் தலையாட்டுனாங்க. நாங்க என்னம்மா நெனைக்கிறது?"

கைப்பேசியை வைத்துவிட்டேன்.

ஒரு சொல் குறைக்கவும் இயலாது என்று நான் சொன்ன வரியை நீ படித்திருக்கிறாய். மூன்று வீடுகள் குறைக்கப்பட்ட நூலின் முகப்பில், என் பெயரோடு. ஆறு மாதங்கள் அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு படுத்திருந்தாய். தோழி, உன்மேலும் எனக்குச் சினம் உண்டு, அதையும் இந்த அவையில் சொல்லிவிடுகிறேன். "ஏன்டி இப்படிச் செஞ்ச?" என்று ஒரு முறை கேட்டிருக்கக் கூடாதா? நான் மறுப்பேன் என்று நம்பித்தானே என்னிடம் விட்டாய்? நம்பிக்கை பொய்த்தபின்னும் ஏன் வாய் திறக்கவில்லை? தட்டைத்தான் கேட்டாய். நானோ தட்டு வீட்டில் இருக்கிறது என்று விடை சொன்னேன்.

செயற்குழுவினரே, உங்கள்மேல் எனக்குள்ள வழக்கை மறந்துவிட்டேன் என்று எண்ண வேண்டா. இருபது ஆண்டுகள் அவள் சுட்ட அணிச்சலை உண்டவர்கள் நீங்கள். உங்களில் நால்வரின் பிள்ளைகள் அவளிடம் கணக்குப் படித்து இன்று பொறியாளர்கள். அவளிடமிருந்து வந்த தட்டை வெறுமையாக்கித் திருப்பியிருக்கிறீர்கள். மேடைப்பேச்சைக் கத்தரிக்கோலாக்கி ஒரு தமிழச்சியின் வீட்டைத் தமிழர் நூலிலிருந்து வெட்டி எடுத்தீர்கள். கத்தரிக்கோலைச் செய்து கொடுத்தவள் நான். வெட்டிய கை உங்களுடையது. கணக்கு நம் இருவரையும் காட்டிக்கொடுத்துவிட்டது. மற்றவர் வீடுகளை எடுத்தபின் நம் பொங்கல் வீட்டிலேயே பானை உடைகிறது. இதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை கண்டுபிடித்தாள். நாம் எவரும் கண்டுபிடிக்கவில்லை, ஏனென்றால் நாம் எவரும் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை.

ஆகவே அவையீர், இந்த நூலை நான் இப்போது வெளியிட மாட்டேன். அடுத்த சனிக்கிழமை அந்தப் பன்னிரண்டு பிள்ளைகளும் மேல்மாடிக்கு வருவார்கள். அதற்குள் அவர்கள் கையில் ஐந்து வீடும் இருந்தாக வேண்டும். புதிதாக அச்சடிக்கலாம், அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்று எவரும் எழ வேண்டா. அவளுடைய கையெழுத்துத் தாள்கள் மூன்றையும் நூலுக்கு ஒன்றாகப் படியெடுத்துக் கொண்டு வந்திருக்கிறேன். மண்டபத்தின் பின்புறம் நூல்கள் பெட்டியில் இருக்கின்றன. பசை இந்த மேசையில் இருக்கிறது.

ஒவ்வொருவரும் ஒரு நூலை எடுங்கள். முதலில் என் அணிந்துரையைக் கிழித்தெறியுங்கள். பிறகு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நடுவே அவள் வீட்டை ஒட்டுங்கள். பொங்கலுக்குப் பின்னே மற்ற இரண்டு வீடுகளையும் ஒட்டுங்கள். ஒட்டியபின் உட்கார்ந்து கணக்கைப் போட்டுப் பாருங்கள். மூன்று என்று விடை வரும்வரை எவரும் வீட்டுக்குப் போக வேண்டா.

தோழி, முதலில் ஒட்டி முடிக்கும் நூலை இந்தத் தட்டில் வைத்து, உன் துணியால் மூடி, இன்றே தெருவைக் கடந்து உன் வாயிலுக்குக் கொண்டு வருகிறேன். விளிம்பில் நீ பிடிக்கும் இடத்திலேயே பிடித்துக்கொள்கிறேன்.

செயலாளர் தம்பி, முதல் பெட்டியை நீங்கள் திறவுங்கள். மற்றவர்கள் எழுந்து வாருங்கள்.